உதிரம் சொல்லும் சாட்சி

வேர் தேடித் தஞ்சைச் சீமைக்கு வருவோரை இப்போதெல்லாம் நாம் அடிக்கடி காண்கிறோம். டர்பனிலிருந்தும், மொரீசியசிலிருந்தும், பிரெஞ்சு மொழி வழங்கும் ரெயூனியன் தீவிலிருந்தும் வருகிறார்கள். கையில் ஒரு தாள் இருக்கும். அதில் பாட்டன் ஒருவரின் பெயரும், ஓர் எண்ணும், காதில் விழுந்தவாறு எழுதப்பட்ட ஓர் ஊர்ப்பெயரும் இருக்கும். அந்த ஊர் எங்கே என்று கேட்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய அம்மையார் ஒருவருக்கு வழித்துணையாக மன்னார்குடிப் பக்கத்தில் இரண்டு நாள் சுற்றும் வாய்ப்பு நமக்கு நேர்ந்தது. டர்பன் நகரத்தவர், ஆசிரியப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். தமிழில் அவருக்குத் தெரிந்தவை சில சமையற் சொற்களும் ஒரு தாலாட்டின் மெட்டுமே. கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலியாய்ச் சென்ற அவருடைய மூதாதையின் பதிவு நகல் அவரிடம் இருந்தது. சாதி என்ற கட்டத்தில் ‘முஸல்மான்’ என்றிருந்தது. ஊர் ‘புதூர்’ என்பது போல் ஒலித்தது. காவிரிக் கழிமுகத்தில் புதூர்களுக்குப் பஞ்சமா? மூன்று புதூர்களுக்குப் போனோம். மூன்றாவது ஊரின் பள்ளிவாசலில் ஜமாஅத்துப் பதிவேடு கேட்டோம். இருந்த ஏடுகளில் மிகப் பழையதும் அம்மனிதர் கப்பலேறி அரை நூற்றாண்டு கழிந்தபின் தொடங்கியதே. அம்மையாரின் முகம் வாடியதைக் கண்ட முதியவர் ஒருவர், “எந்த ஊர்ப் பிள்ளையா இருந்தா என்னம்மா, வந்த பிள்ளை சாப்பிடாமப் போகலாமா?” என்று சொல்லித் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். உண்டு முடித்தபின் அம்மையார் நம்மிடம் ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டார்: “இவர்கள் என் உறவினர்தானா, அல்லவா?”

அக்கேள்விக்கு அன்று நாம் விடை சொல்லவில்லை. நம் குடும்பத்திலேயே அஃது ஒருநாள் எழும் என்றும் அன்று நாம் நினைத்திருக்கவில்லை.

ஏடுகள் எதைச் சொல்கின்றன என்பதை முதலில் பார்ப்போம். 1860 நவம்பர் 16-ஆம் நாள் ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். மொரீசியசுக்கு 1834 முதல் சென்றோர் ஏறத்தாழ நாலரை இலட்சம். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, வட்டம், கிராமம், உடலில் உள்ள வடு, மச்சம் எல்லாம் எழுதப்பட்டன. மொரீசியசில் 1860-களிலிருந்து புகைப்படமும் எடுக்கப்பட்டது. அவ்வேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இன்றும் காக்கப்பட்டு வருகின்றன. ஓடிப்போனால் பிடித்துவருவதற்காகவே இவ்வளவு கருத்தோடு எழுதினார்கள். அடையாளம் காண எழுதிய வடுவே இன்று கொள்ளுப்பேரர்களுக்கு வழிகாட்டுகிறது.

இதில் ஒரு விந்தையைக் காண்க. தஞ்சையில் முழுமையான வமிசாவளி உடையவர்கள் இரு திறத்தார். போன்சலே அரச குடும்பத்துக்கு மோடி எழுத்து ஆவணங்களும் கல்வெட்டும் உண்டு. கப்பலேறிய கூலிக்குக் கப்பல் ஏடு உண்டு. இடையில் நின்ற நம்மைப் போன்றோருக்கு என்ன உண்டு? பட்டாவும் அடங்கலும் நிலம் உடையவனைச் சொல்லும். அவனுடைய தாயைச் சொல்லா, தங்கையைச் சொல்லா. மூன்று தலைமுறைக்கு மேல் கேட்டால் நம்மில் பலர் தலைசொறிய வேண்டியதுதான். ஊரைவிட்டுப் போகாதவனை எவரும் எழுதிவைக்கவில்லை.

காரைக்கால் வழியாகச் சென்றவர்களின் கதை இன்னும் சிக்கலானது. 1853-ல் முதல் கப்பல் மார்த்தினிக் தீவை அடைந்தது. அடுத்த ஆண்டின் இறுதியில் குவாதலூப்பை அடைந்தது. 1861-ல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பின், கும்பகோணத்தானும் திருவாரூரானும் பிரெஞ்சுக் கொடியின் கீழ்ச் செல்வதற்கு வழி திறந்தது. அங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் கிறித்தவப் புனிதர்களின் பெயர்கள் இடப்பட்டன. தந்தையின் பெயர் சிதைந்து குடும்பப் பெயராயிற்று. ஒரு தலைமுறைக்குள் ஊரும் மொழியும் மறைந்தன.

ஆனால் ஒன்று மறையவில்லை. மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் நம் கூலிகளின் வழிவந்தோர் நடத்தும் வழிபாடுகளில், மாரியம்மனோடும் மதுரை வீரனோடும் ‘நாகூர்மீரா’ என்ற பெயரும் சொல்லப்படுகிறது. கம்பம் நட்டுக் கொடி ஏற்றப்படுகிறது. ரெயூனியனிலும் அக்கொடிமரம் உண்டு. வழிபடுவோர் முஸ்லிம்கள் அல்லர். நாகூர் எங்குள்ளது என்பதை அறியாதவர்களும் அவர்களில் உண்டு. மார்க்க அடிப்படையில் அச்சடங்கை நாம் ஏற்கிறோமா என்பது வேறு. கடல் நடுவே அஞ்சிக்கிடந்த மனிதன் எவரை நினைத்துக்கொண்டான் என்பதை எந்தக் கப்பல் ஏடும் எழுதவில்லை. இரத்தத்திலும் அது இல்லை. கொடிக்கம்பம் சொல்லுகிறது.

இனி, ஏடு பொய் சொல்லவும் கூடும். கப்பலேறியோர் அனைவரும் தம் மெய்ப்பெயரைச் சொன்னார்கள் என்று கொள்வதற்கில்லை. கடன்காரனுக்கு அஞ்சி ஓடியவன் இருந்தான். கணவன் கொடுமைக்கு அஞ்சி வெளியேறிய பெண் இருந்தாள். பண்ணையாளாய்ப் பிறந்து, சாதிப் பெயரைத் தஞ்சையிலேயே உதறிவிட்டு வேறொரு பெயரோடு மறுகரையில் இறங்கியவன் இருந்தான். அவனுக்கு எழுத்தர் முன் நின்ற அந்த நொடியே வாழ்வில் முதல் விடுதலையாய் இருந்திருக்கக்கூடும். இன்று அவன் பேரன் ஆராய்ந்து வந்து, “என் பாட்டன் பொய் சொல்லியிருக்கிறான்” என்கிறான். யாரிடம் பொய் சொன்னான்? அவனை மாடுபோல் எண்ணிட்டு அடைத்தவர்களிடம் சொன்னான். மறைக்க விரும்பி மறைந்தவனைத் தோண்டி எடுக்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது? பிறர் குறையை மறைப்பவனின் குறையை இறைவன் மறைப்பான் என்று நம்பும் சமுதாயம் நம்முடையது. அம்மறைப்பு உயிரோடு இருப்பவர்க்கு மட்டும் உரியது என்று எவரும் சொன்னதில்லை.

வமிசம் தேடுதலை ஒரு பெருந்துறையாகவே வளர்த்தவர்கள் அமெரிக்கர்கள். 1620-ல் ‘மேஃபிளவர்’ என்னும் கப்பலில் சென்ற பயணிகள் 102 பேர். முதற் குளிர்காலத்திலேயே ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டனர். எஞ்சியோரின் வழிவந்தோர் 1897-ல் ஒரு சங்கமே கண்டனர். பாஸ்டனில் வமிசவரலாற்றுக் கழகம் 1845-லேயே தோன்றிவிட்டது. குடியேற்றக் காலத்துக் கோயிற்பற்று ஏடுகளையும் உயில்களையும் துருவித்துருவித் தலைமுறைகளை அடுக்கினார்கள். ஆனால் அதே மண்ணில் அடிமைகளாய் இருந்த கறுப்பின மக்களின் பெயர்கள், ஆண்டையின் சொத்துப் பட்டியலில் குதிரைகளோடும் ஏர்களோடும் சேர்த்தே எழுதப்பட்டிருந்தன.

இந்த நாட்டின் மூன்றாம் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன். அவர் வீட்டு அடிமைப் பெண் சாலி ஹெமிங்ஸ். அவருடைய பிள்ளைகளுக்குத் தந்தை ஜெஃபர்சனே என்று ஊர் பேசிற்று. மகன்களில் ஒருவரான மேடிசன் ஹெமிங்ஸ் 1873-ல் அதைச் செய்தித்தாளிலேயே சொன்னார். ஜெஃபர்சன் குடும்பத்தார் மறுத்தனர். வரலாற்றாசிரியர் பெரும்பாலோர் குடும்பத்தாரையே நம்பினர். எழுத்து ஒருபுறம், வாய்மொழி மறுபுறம். 1998 நவம்பரில் மரபணுச் சோதனையின் முடிவு வெளிவந்தது. ஜெஃபர்சனின் பெரியப்பன் வழிவந்த ஆண்களின் மரபணுவும், சாலியின் இளைய மகன் எஸ்டன் ஹெமிங்சின் வழிவந்தவரின் மரபணுவும் ஒத்திருந்தன. அச்சோதனை ஆண்வழியைத்தான் காட்டும். அவ்வழியின் எந்த ஆண் தந்தை என்று தனித்துக் காட்டாது. ஆயினும் மற்றச் சான்றுகளோடு வைத்துப் பார்த்து, ஜெஃபர்சன் நினைவு நிறுவனம் 2000-ல் அவ்வுறவு பெரும்பாலும் உண்மையே என்று ஒப்புக்கொண்டது. நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஓர் அடிமையின் மகன் சொன்ன சொல் நின்றது.

இக்கதையை இத்தோடு நிறுத்துவோர் பலர். இன்னொரு பாதி உண்டு. தாமஸ் உட்சன் என்பவரின் வழிவந்தோரும் தாம் ஜெஃபர்சன் வமிசம் என்று தலைமுறை தலைமுறையாய்ச் சொல்லி வந்தவர்கள். அதே சோதனையில் அவர்கள் மரபணு ஒத்துவரவில்லை. ஒரே நாளில் ஒரு குடும்பத்தின் கதையை மெய்யாக்கிய சாட்சி, மற்றொரு குடும்பத்தின் கதையைப் பறித்துக்கொண்டது. முன்னதைக் கேட்டு மகிழ்ந்த நாம் பின்னதற்கு என்ன சொல்லப் போகிறோம்?

இச்சோதனையின் இயல்பைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். தந்தைவழியே மகனுக்கு மட்டும் இறங்கும் மரபணுப் பகுதி ஒன்று. தாய்வழியே மக்கள் அனைவருக்கும் இறங்குவது ஒன்று. எல்லா முன்னோரிடமிருந்தும் கலந்து வருவது மற்றொன்று. கலந்து வருவது தலைமுறைதோறும் பாதியாகிறது. பாட்டனிடமிருந்து ஏறத்தாழக் கால்பங்கு. ஏழு தலைமுறை மேலே போனால் நூற்றில் ஒன்றுகூட இல்லை. ஒப்பீடு செய்வதற்கு மறுபக்கத்தில் எவரேனும் சோதனை செய்திருக்க வேண்டும். மன்னார்குடியில் உழுதுகொண்டிருப்பவர் பணம் கட்டிக் கன்னத்துச் சளியை அமெரிக்காவுக்கு அனுப்புவதில்லை. ஆகவே டர்பன்காரர் சோதனை செய்தால் மொரீசியசுக்காரரோடும் லண்டன்வாசியோடும் உறவு காட்டும்; புதூரைக் காட்டாது. மேலும், அவ்வாறு அனுப்பிய சளி எங்கே போகிறது? இத்துறையில் புகழ்பெற்ற ‘23அண்ட்மீ’ நிறுவனத்தில் 2023-ல் ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் விவரங்கள் திருட்டுப்போயின. 2025 மார்ச்சில் அந்நிறுவனம் நொடித்து நீதிமன்றம் புகுந்தது. ஒருவன் தன் உமிழ்நீரைக் கொடுக்கும்போது, தன் உடன்பிறந்தாரின் கமுக்கத்தையும் சேர்த்தே கொடுக்கிறான். அவர்களைக் கேட்டா கொடுக்கிறான்?

நம் சமுதாயத்தில் இச்சோதனை வேறொரு புண்ணையும் தொடுகிறது. “எங்கள் முன்னோர் அரபு நாட்டிலிருந்து மரக்கலம் ஏறி வந்தவர்கள்” என்பதை நம்மில் சிலர் பட்டாபிடேகப் பட்டயம்போல் வைத்துக்கொள்கிறோம். பெண் கொடுப்பதிலும் எடுப்பதிலும் அப்பட்டயத்தை எடுத்து நீட்டுகிறோம். 2010-ல் ஐரோப்பிய மனித மரபியல் இதழில் வெளிவந்த ஆய்வொன்று, இந்தியாவின் வெவ்வேறு பகுதிகளைச் சேர்ந்த ஆறு முஸ்லிம் சமூகத்தாரை ஆராய்ந்தது. அவர்களின் மரபணுவில் பெரும்பங்கு அக்கம்பக்கத்து முஸ்லிமல்லாத மக்களுடையதே. வெளியிலிருந்து வந்த கலப்பு சிறிதே, அதுவும் அரபகத்தைவிட ஈரான், நடு ஆசியப் பக்கத்திலிருந்து வந்ததே மிகுதி என்று அது கண்டது. ஊருக்கு ஊர் வேறுபாடு இருக்கும். கடற்கரையில் அரபு வணிகர் குடியேறி மணம் புரிந்தது வரலாறே. ஆயினும் பெருங்கணக்கில், வயற்காட்டில் நம்மோடு நிற்பவரும் நாமும் ஒரே மண்ணின் மக்கள். இதைக் கேட்டு வெட்கப்படுவோரைக் கண்டு நாம் வியக்கிறோம். சமூகங்களும் குலங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே ஆக்கப்பட்டன, மேன்மை இறையச்சத்தில் உள்ளது என்று ஒவ்வொரு மேடையிலும் ஓதுகிறோம். மேடையை விட்டு இறங்கியதும் மரக்கலத்தைத் தேடுகிறோம்.

இவ்விடத்தில் நாகூரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தஞ்சை மன்னர் பிரதாபசிங் 131 அடி உயரத்தில் மனாரா எழுப்பிய அத்தலத்தின் மரியாதைக்குரிய சாகிபுமார் குடும்பங்கள், ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் மகனார் யூசுப் சாகிபின் வழிவந்தோர். ஆண்டகையோ மணம் புரியாதவர். இலாகூர்க் காழி நூருத்தீன் பிள்ளையில்லாக் குறையைச் சொல்லி வேண்ட, ஆண்டகை தாம் மென்ற வெற்றிலையைக் கொடுக்க, அதை உண்ட அவர் மனைவி ஈன்ற மகவே யூசுப் என்பது வழிவழிச் செய்தி. மரபணுக்காரர் இதற்கு என்ன சொல்வார் என்று கேட்டுச் சிரிப்பவர் சிரிக்கட்டும். நாம் கவனிப்பது வேறு. காழி நூருத்தீனின் பெயரை அக்கதை மறைக்கவில்லை. பெற்றவர் இன்னார், மகனாக ஏற்றவர் இன்னார் என்று இரண்டையும் வெளிப்படையாய்ச் சொல்கிறது. வளர்த்த பிள்ளையைப் பெற்ற தந்தையின் பெயராலேயே அழைக்கவேண்டும் என்று ஜைது (ரலி) அவர்கள் செய்தியில் திருமறை விதித்ததன் கருத்தும் அதுவே. அன்பினால் ஏற்றுக்கொள்ளலாம், அதற்காக உதிரத்தைப் பற்றிப் பொய் சொல்லலாகாது.

அந்த ஜைது (ரலி) அவர்களின் மகனார் உஸாமா (ரலி). தந்தை வெண்ணிறம், மகன் கருநிறம். அதைச் சொல்லிச் சிலர் நாவை நீட்டினர். உடற்குறி பார்த்து உறவு சொல்லும் முத்லிஜ் குலத்தார் ஒருவர், போர்வைக்குள் படுத்திருந்த இருவரின் பாதங்களை மட்டும் கண்டு, இவை ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தவை என்றார். பெருமானார் (ஸல்) அவர்களின் திருமுகம் மகிழ்ச்சியால் ஒளிர்ந்தது. இன்னொரு நாள் நாட்டுப்புறத்து அரபி ஒருவர் வந்து, தம் மனைவி கரிய பிள்ளையைப் பெற்றிருப்பதாகச் சொல்லி ஐயுற்றார். உம் செந்நிற ஒட்டகங்களிடையே சாம்பல் நிறக் கன்று பிறப்பதில்லையா, அஃது எங்கிருந்து வந்தது என்று பெருமானார் வினவினார்கள். முன்னோர் வழி ஏதோ ஒரு நரம்பு இழுத்திருக்கும் என்றார் அரபி. இதற்கும் அவ்வாறே இருக்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிள்ளையை மறுக்க விடவில்லை.

இரண்டு நிகழ்ச்சியும் உடற்சாயல் என்னும் ஒரே வகைச் சாட்சியைப் பற்றியவை. உறவை நிலைநிறுத்த வந்தபோது அச்சாட்சி வரவேற்கப்பட்டது. உறவை அறுக்க வந்தபோது வாசலிலேயே நிறுத்தப்பட்டது. நம் கருத்து முழுவதும் இதில் அடங்கும். சேர்க்க வரும் சாட்சிக்குக் கதவு திறக்கவேண்டும். கழிக்க வரும் சாட்சிக்குத் திறக்கவேண்டியதில்லை. சாயல் சாட்சியை ஷாஃபிஈ முதலிய மூன்று மத்ஹபுகள் ஏற்றன. ஹனஃபி மத்ஹபு ஏற்கவில்லை. நம் கடற்கரை மரக்காயர் ஷாஃபிஈகள், உள்நாட்டு இராவுத்தர் ஹனஃபிகள். ஆகவே இவ்வழக்கு நம் ஊர்த் திண்ணையிலேயே நடக்கத்தக்கது. மக்காவில் 2002 ஜனவரியில் கூடிய இஸ்லாமியச் சட்ட அறிஞர் மன்றம் மரபணுவைப் பற்றி வழங்கிய தீர்ப்பும் இப்போக்கினதே. நிலைபெற்ற வமிசத்தை மறுக்க அதைப் பயன்படுத்தலாகாது. மருத்துவமனையில் மாறிய குழந்தைகள், பேரிடரில் பிரிந்த பிள்ளைகள் போன்றோரின் வமிசத்தை அறியப் பயன்படுத்தலாம் என்றது. 2004 டிசம்பர் 26-ல் கடல் பொங்கிய பின், இலங்கைக் கல்முனையில் பெற்றோரைப் பிரிந்து மீட்கப்பட்ட ஒரு கைக்குழந்தையை, 2005 பிப்ரவரியில் இச்சோதனைதான் பெற்றோரிடம் சேர்த்தது. இதனை வேண்டாம் என்பவன் கல்நெஞ்சன்.

நாட்டுச் சட்டமும் நெடுநாளாய் இதே பாதையில் நின்றது. மண வாழ்வு நிலைத்திருக்கையில் பிறந்த பிள்ளை கணவனுடையதே என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு கொண்டது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 116-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. கேட்டவுடன் இரத்தப் பரிசோதனைக்கு ஆணையிடலாகாது என்று 1993-ல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. 2014-ல் வேறொரு வழக்கில், அறிவியல் மெய் முன்னே நிற்கும்போது சட்டத்தின் ஊகம் நில்லாது என்றது. 2023-ல் மீண்டும், பெற்றோர் சண்டைக்குப் பிள்ளையின் மரபணுவைப் பகடையாக்காதீர் என்றது. நீதியரசர்களுக்கே தடுமாற்றம் இருக்கிறது என்றால் நமக்கு இருப்பதில் வியப்பில்லை. மணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையைத் தந்தையின் வமிசத்தில் சேர்க்க நம் சட்ட நூல்களில் பெரும்பாலானவை இசைவதில்லை. அப்பிள்ளைக்கும் சீவனாம்சம் உண்டு என்று நாட்டுச் சட்டம் சொல்கிறது. அப்பிள்ளை செய்த குற்றம் யாதொன்றும் இல்லை என்பதை மட்டும் இங்கே சொல்லி மேலே செல்கிறோம்.

இதுவரை சொன்னதெல்லாம் பிறர் கதை. ‘சேர்க்க வரும் சாட்சி’ என்று எழுதுவது எளிது. சேர்ப்பதற்கு விலை உண்டு என்பதை நாம் கற்றுக்கொண்டது நம் வீட்டில்.

நம் பாட்டனார் பினாங்குச் சபராளி. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, அங்கே கடை வைத்து, மூன்றாண்டு நான்காண்டுக்கு ஒருமுறை ஊர் வந்து போனவர். போருக்கு முந்திய கப்பலொன்றில் ஊர் திரும்பி, 1946-ல் மறைந்தார். வெண்ணாற்றுப் பாசனத்தில் ஒரு வேலிக்குச் சற்றுக் குறைவான நிலம் விட்டுச்சென்றார். மூன்று மகன்கள், இரண்டு மகள்கள், மனைவி. ஃபராயிளு முறைப்படி அடுத்த ஆண்டே பங்கு பிரிந்தது. ஊரில் அதை நேர்மையான பாகப்பிரிவினை என்பார்கள்.

பாட்டியாரின் தகரப்பெட்டியில் அரபுத்தமிழில் எழுதிய கடிதம் ஒன்று கிடந்தது. அவ்வெழுத்தை வாசிக்கத் தெரிந்த கடைசி ஆள் நம் பெரியத்தை. 1939-ல் பினாங்கிலிருந்து வந்த கடிதம். பிள்ளை குர்ஆன் ஓதத் தொடங்கிவிட்டான் என்ற செய்தி அதில் இருந்தது. எந்தப் பிள்ளை என்று நாம் கேட்டபோது அத்தை கடிதத்தை மடித்து வைத்துவிட்டார். வீட்டுப் பெண்கள் அனைவருக்கும் தெரியும், எவரும் வாய்திறந்ததில்லை. பாட்டியார் அக்கடிதத்தைக் கிழிக்கவும் இல்லை, காட்டவும் இல்லை. அந்த அம்மையின் மானத்தைக் காத்த மௌனம் அது. அதை உடைத்து இதை எழுதுவது சரியா என்று நாம் பலநாள் தயங்கினோம். இன்றும் முழுத் தெளிவு இல்லை.

வெளிநாட்டில் வேலை செய்யும் நம் தங்கை மகன் விளையாட்டாய் அச்சோதனையைச் செய்தான். பினாங்குப் பெண் ஒருவர் நெருங்கிய உறவு என்று வந்தது. அப்பெண் பாட்டனாரின் நிக்காஹ் பதிவின் நகலை அனுப்பினார். நீரிணைக் குடியேற்றங்களில் 1880-லேயே முஸ்லிம் திருமணங்களைப் பதிவதற்குச் சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டிலும் அதே ஆண்டில் காழிகள் சட்டம் வந்ததுண்டு. ஆனால் பதிவைக் கட்டாயமாக்கவில்லை. பதிவில் பாட்டனாரின் பெயர், அவர் தந்தையின் பெயர், ஊர், எல்லாம் பிழையின்றி இருந்தன. உதிரமும் ஏடும் ஒன்றையே சொல்லின. ஷரீஅத்தின்படி நடந்த மணம். ஐயத்துக்கு இடமில்லாத மகன்.

அவ்வாறாயின் 1947-ல் பிரித்த பங்கு தவறு. பினாங்கு மகனுக்கு நாற்பதில் ஏழு பங்கு வந்திருக்கவேண்டும். எட்டில் ஒன்றாகிய மனைவியின் பங்கு இரு மனைவியர்க்கும் பாதியாகியிருக்கவேண்டும். நாம் படித்த படிப்பும் உண்ட சோறும் அந்த ஏழு பங்கின் விளைச்சலையும் சேர்த்து வந்தவை. வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டோம். காலவரம்பு கடந்து தலைமுறையே ஆகிவிட்டது, எந்த நீதிமன்றமும் இதைத் தொடாது என்று புன்னகைத்தார். ஆலிம் ஒருவரைக் கேட்டோம், அவர் புன்னகைக்கவில்லை. தெரியாமல் உண்டது மன்னிக்கப்படும், தெரிந்தபின் உண்பதற்கு என்ன பெயர் என்று நீங்களே சொல்லுங்கள் என்றார்.

பினாங்குப் பெண் நிலத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. தம் பாட்டனார், கப்பல் வரும் நாளெல்லாம் சிறுவயதில் துறைமுகத்துக்குப் போய் நின்றதாக மட்டும் எழுதியிருந்தார். முப்பாட்டனாரின் கபுரைக் காணவேண்டும் என்றார். நம் ஊர் மையவாடியில் கல் நடும் வழக்கம் இல்லை. எட்டுக்கண் வேப்பமரத்துக்குக் கிழக்கே என்பதற்கு மேல் நமக்கே தெரியாது. டர்பன் அம்மையாரோடு நாம் சுற்றியபோது பிறர் ஏட்டைக் குறைகூறியது நினைவுக்கு வந்தது. அந்த அம்மையாருக்கு இப்போது விடை எழுதலாம் என்று தோன்றுகிறது: சோறிட்டவர் தம்மைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார், சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நமக்கு அவ்வளவு எளிதாய் முடியவில்லை.

நிலம் இப்போது விலை பேசப்பட்டிருக்கிறது. பங்காளிகள் ஐவர் கூடிப் பேசினோம். ஏழு பங்கைத் தனியே வைத்துப் பினாங்குக்கு எழுதிவிடுவோம் என்று மூவர் இசைந்தோம். ஒருவர், மகள் திருமணத்தை இப்பணத்தை நம்பியே நிச்சயித்தவர், தலைகுனிந்து அமர்ந்திருந்தார். மற்றவர், “பாட்டனாரே சொல்லாததை நாம் ஏன் சொல்லவேண்டும்?” என்றார். அவர் கேட்டதும் பொருளற்ற கேள்வி அன்று. மறைந்தவரின் மறைப்பைப் பற்றி மேலே நாமே எழுதியிருக்கிறோம். ஆனால் பாட்டனார் ஒளித்தது தம் பெயரை அன்று, இன்னொருவர் பங்கை. கிரயப் பத்திரம் எழுத இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. தலைகுனிந்து இருந்தவரின் வீட்டுக்கு நாளை மறுபடியும் போகிறோம்.